பால் மருந்தும் காத்து மருந்தும்

கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. அது எரிந்தால் உள்ளே ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்று காலையில் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார், அவருடைய ஆளை வார்டுக்கு மாற்றியதும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவரும் போய்விட்டார், நாலு பேர் உட்காரும் பெஞ்சு முழுக்க நவமணிக்கே என்றாகிவிட்டது. ஒன்பதரைக்கு அவள் புருஷனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது பத்தே முக்கால். இன்னும் எரியவில்லை என்றால் நல்லதா கெட்டதா, முன்னால் போன ஆபரேஷன் முடியாமல் இருக்கலாம், அவருக்கு என்னவோ ஆகி எல்லோரும் சுற்றி நின்றுகொண்டும் இருக்கலாம், யாரிடம் கேட்பது, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நீலச்சேலைக்கார அம்மாவைக் கேட்கலாம், ஆனால் அந்த அம்மா யார் கேட்டாலும் முதலில் முறைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள், அந்த முறைப்பை வாங்கிக்கொள்ளத் தன்னால் ஆகாது என்று நவமணி பார்வையை மறுபடி விளக்குக்கே கொண்டுபோனாள். மடியில் பாப்பா தூங்கியது. எட்டு மாசம். அதன் பின்னந்தலை அவள் இடது கையில் வியர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது, கையை உருவினால் முழித்துக்கொள்ளும், உருவாவிட்டால் கை மரத்துப்போகும், போகட்டும், அவருக்கு உடம்பு முழுக்க மரத்துப்போகப் போகிறது, இவளுக்கு ஒரு கைதானே. வலது கையில் அந்தக் காகிதம். நாலு பக்கம், மூலையில் பின் அடித்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு காப்பியை அவளிடமே கொடுத்திருந்தார்கள். அஞ்சாவதோடு நின்றவளுக்கு எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அதற்கு முந்தின சொல் நழுவிவிடும். அப்படியும் படித்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்வது. ரெண்டாம் பக்கத்தில் பாதி வந்திருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் தேங்காய் நார் லோடு ஏற்றிவிட்டு லாரி மேலே நின்று கயிறு இழுத்துக் கட்டியவர், கயிறு அறுந்து பின்பக்கமாக விழுந்தார். விழுந்த ஆள் தானாக எழுந்து உட்கார்ந்து டீ குடித்தாராம், "கயித்தப் பாருங்கடா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சிரித்தாராம். மறுநாள் வாந்தி. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மூளை மேலே ரத்தம் கட்டியிருக்கிறது, கொஞ்சம்தான், பார்க்கலாம் என்றார்கள். இன்று விடிந்ததும் அவர் பேச்சு குழறியது. ஒரு கண் பெரிதாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது, ஆட்கள் வந்தார்கள், தலையை மழித்தார்கள், மழித்த தலையோடு அவர் வேற்று ஆளாக, பழனிக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி கிடந்தார். அப்போதுதான் அந்த டாக்டரம்மா வந்தாள். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் ஷெரின் என்று எழுதியிருந்தது, அதை மட்டும் நவமணி சீக்கிரமாகக் கூட்டிவிட்டாள். "நான் மயக்க மருந்து டாக்டர்ம்மா. தலையில அடிபட்டவங்களுக்கு ரெண்டு விதமா மயக்கம் குடுக்கலாம். ஒண்ணு, மூச்சு வழியா உள்ள போற காத்து. இன்னொண்ணு நரம்புல ஏத்துறது, பால் மாதிரி வெள்ளையா இருக்கும். காத்து குடுத்தா மூளைக்கு ரத்தம் கூடப் போகும், வீக்கம் கூடுமோன்னு சிலர் பயப்படறாங்க. பால் மருந்து வீக்கத்தக் கொறைக்கும், ஆனா பிரஷர் எறங்கிடும்னு சிலர் பயப்படறாங்க. ரெண்டையும் தெனமும்தான் குடுக்கறோம். அடிபட்ட மூளைக்கு எது மேல்னு சரியாத் தெரியல. அதத் தெரிஞ்சுக்கத்தான் ஒரு ஆராய்ச்சி பண்றோம்." எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். நவமணிக்குத் தலையாட்டத்தான் தோன்றியது. யாருக்கு எது என்பதை டாக்டர்கள் முடிவு செய்ய மாட்டார்களாம். ஒட்டின கவர் இருக்குமாம், இவர் முறை வரும்போது பிரிப்பார்களாம், உள்ளே எழுதியிருப்பதைக் கொடுப்பார்களாம். அட, இது பூக்கேட்கிறது அல்லவா என்று அவளுக்குப் பட்டது, சிவப்பு ஒரு பொட்டலம் வெள்ளை ஒரு பொட்டலம், ஆத்தா காலடியில் போட்டு, பார்க்காமல் ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. அப்படி நினைத்ததும் பயம் கொஞ்சம் இறங்கியது, படித்தவர்களும் கடைசியில் பூக்கேட்கத்தானே செய்கிறார்கள். டாக்டரம்மா கையில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே டிக் அடித்தாள். சர்க்கரை இருக்கா, இல்லீங்க. பீடி சிகரெட், இல்லீங்க. முன்னாடி ஆபரேஷன், இல்லீங்க. "வீட்ல, ரத்த சொந்தத்துல, யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?" இல்லீங்க. "ஏதாச்சும் கேக்கணுமாம்மா?" அதற்கும் இல்லீங்க. ஒரே சொல்லை அத்தனை தடவை சொன்னதில் நாக்கில் அது புளித்துக் கிடந்தது. கையெழுத்துப் போட்டாள். நவமணி பூ என்று நிறுத்தி, பதி என்பதை அடுத்த வரியில் எழுதினாள், புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை, எழுதும்போதும் நேராக எழுத வரவில்லை.

அத்தை சொன்னதை மீறித்தான் கையெழுத்துப் போட்டாள். அது வேறு நெஞ்சில் கிடந்து உறுத்தியது. ஏழு மணிக்கே அத்தை புறப்பட்டுவிட்டாள், "நான் கோயிலுக்குப் போயி பூக்கேட்டுட்டுப் போன் பண்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்றாத கண்ணு. வெள்ளை வந்தாத்தான் கத்தி வெக்கோணும். அப்பறம், டாக்டருங்க ஆயிரங் கேப்பாங்க, பழசொண்ணும் வாயத் தொறந்துறாத. நல்லது நடக்கற எடத்துல அத எடுக்கப்படாது." தலையாட்டினாள். எல்லோருக்கும் தலையாட்டினாள். பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போய் பூசாரி வந்து பூப்போட எத்தனை நேரமாகும், அதுவரைக்கும் ரத்தம் சும்மா இருக்குமா, டாக்டர் வாயைத் திறந்து "லேட் பண்ணாதீங்கம்மா" என்று சொன்னபோது போன் வராமலே இருந்தது, போட்டுவிட்டாள். அவளுக்கென்று வந்து நிற்க ஆளில்லை. அப்பன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போனவர், போன் போட்டால் "அப்புடியா, பாத்துக்க சாமி" என்பார். பாத்துக்க. எதைப் பார்ப்பது, விளக்கைப் பார்க்கலாம், விளக்குக்குப் பக்கத்தில் சுவரில் ஊறியிருந்த ஈரக்கறையைப் பார்க்கலாம். மார் கனத்தது. பாப்பா குடிக்கிற நேரம், எழுப்பினால் இங்கே எப்படிக் கொடுப்பது, ஆம்பிளைகள் போகிறார்கள் வருகிறார்கள். பால் மாதிரி வெள்ளையாய் இருக்கும் என்றாளே. அவருக்கு நரம்பில் பாலை ஏற்றினால் தூங்கிவிடுவாராக்கும், பாப்பா குடித்துக்கொண்டே தூங்குகிற மாதிரி, வாயோரம் வழிய. அப்படியே தூங்கட்டும். காத்து என்றால் எப்படி இருக்கும், வாசனை அடிக்குமா, மூக்கைப் பொத்துவார்களா, அவர் போர்வையைத் தலையோடு மூடினாலே மூச்சு முட்டுது என்கிற ஆள். பாப்பா பிறந்தபோது இவளுக்கு முதுகில் ஊசி போட்டார்கள், ரெண்டு காலும் யாருடையதோ ஆகிவிட்டது, தொட்டுப் பார்த்தால் கறிக்கடையில் தொங்குவது மாதிரி குளிர்ந்து கிடந்தது, வயிற்றில் என்னவோ இழுத்தார்கள், வலிக்கவில்லை, ஆனால் இழுப்பது தெரிந்தது. அப்போது வெளியே இதே மாதிரி ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்திருப்பார். என்ன நினைத்தார் என்று கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம். இன்று காலை கேட்கிற நிலையில் அவர் இல்லை. குழறலுக்கு நடுவில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவள் முகத்தையே பார்த்து, "அண்ணி, அண்ணன் எந்திரிச்சிருச்சா?" என்றார். நான்தானுங்க, பாப்பாவோட அம்மா என்றாள். "அண்ணி, நீங்க அழுவாதீங்க." இவள் அழவே இல்லை, அப்போது. நாலு வருஷம் கூட இருந்த முகம் அழிந்துபோய், ஆறு வருஷத்துக்கு முந்தின முகம் அவருக்கு எப்படி முளைத்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் தான் நிற்பதாகவும், தன் உடம்புக்குள் இன்னொருத்தி நிற்பதாகவும் இருந்தது. அந்த இன்னொருத்திக்குத்தான் அவர் கையைக் கொடுத்தார். இவளுக்கு இல்லை.

மரகதம். அவருடைய அண்ணன் திருமூர்த்தியின் பெண்டாட்டி. அந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை, சொல்லியாக வேண்டுமென்றால் "காப்பு அறுத்தவ" என்பார்கள். நவமணி கல்யாணமாகி வருவதற்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தின கதை, துண்டு துண்டாகத்தான் தெரியும். மாரியாத்தா கோயில் திருவிழாவுக்குச் சாட்டு போட்டு, தீக்குண்டம் இறங்க வேண்டி மூத்தவர் கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தார். கட்டின எட்டாம் நாள் குடலிறக்கம் சிக்கிக்கொண்டு துடித்தார். டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் உடனே அறுக்கணும் என்றார்கள். கையில் கயிறு இருக்கக் கூடாது என்று நர்சம்மா சொல்ல, மரகதம்தான் கத்திரிக்கோல் வாங்கி அறுத்தாளாம். உள்ளே போன ஆள் பொணமாகத்தான் வந்தார். வெளியே நின்ற ஆம்பிளைகளிடம் என்னவோ இங்கிலீசில் சொன்னார்களாம், இவர்கள் வந்து வீட்டில் சொன்னது, ஒடம்புச் சூடு தாங்கலியாம். அத்தை மண்ணை வாரி எறிந்து கத்தினாளாம், சூடு எங்கிருந்து வந்துச்சு, குண்டத்துச் சூடு அது, காப்ப அறுத்தா ஆத்தா சும்மா உடுவாளா. பதினாறு முடிந்ததும் மரகதத்தையும் மூன்று வயசுப் பெண்ணையும் அவள் பொறந்த ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். நவமணி அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், போன வருஷம், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில், வயிற்றில் பாப்பா இருந்தபோது. மெலிந்த ஒருத்தி, மில் சட்டை போட்டு, தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, எதிரே வந்து நின்று, "நீதானே பூபதி சம்சாரம், போட்டோல பாத்தன்" என்றாள். பேசவா வேண்டாமா என்று இவள் முழிக்கும்போதே அவளே பேசிவிட்டாள். "எத்தன மாசம். நல்லாச் சாப்புடு. உன்ற மாமியா என்னைப் பத்தி என்ன சொன்னாலும் நம்பிக்க, நானும் அதயேதான் நம்பிக்கிட்டிருக்கறன்." சிரித்தாள். அப்புறம் கேட்காமலேயே சொன்னாள், "தொட்டுப் பாத்தனம்மிணி. செத்தப்பறமும் தோசக்கல்லாட்டம் இருந்துச்சு. கை காலெல்லாம் வெறகாட்டம். வாயத் தொறக்க முடியல, பல்லு கிட்டிப் போயி. காப்ப நான் அறுத்துருக்கப்படாது." போனை வாங்கி அவள் நம்பரை அவளே போட்டுக்கொடுத்து, "மில்லு அக்கான்னு போட்டுருக்கறன். யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். ஒரு தடவையும் இவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன பேசுவது.

போன் நடுங்கியதில் பாப்பா உடம்பை முறுக்கியது. அத்தை. "கண்ணு, வெள்ளப்பூ வந்துருச்சு! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. தைரியமா இரு. உள்ள போயிட்டானா?" போயிட்டாங்க அத்தை. "கையெழுத்து?" இப்பத்தான் போட்டேன் அத்தை. பொய் எவ்வளவு லேசாக வந்தது. "பூசாரி பூவ எடுக்கயில கண்ண மூடிக்கிட்டன். ஒருக்கா அவ பண்ணுனதுக்கு ஒருத்தனக் குடுத்துட்டன், இன்னொருத்தனக் கேக்காதன்னு கேட்டன். குடுத்துட்டா. பழசொண்ணும் சொல்லலையே நீ?" இல்லீங்க அத்தை. மறுபடியும் அதே இல்லீங்க. அத்தை அழுதாள், சத்தம் வராமல் மூச்சு மட்டும் வந்தது, இத்தனை நாளில் அத்தை அழுது இவள் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு பெஞ்சு இன்னும் நீளமாகிவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளைப்பூ. அப்படியானால் கவரிலும் வெள்ளைதானே வர வேண்டும், பால் வெள்ளைதானே, ஆத்தா ஒன்று சொல்லி கவர் இன்னொன்று சொல்லுமா, சொல்லாது, எல்லாம் சரியாகிவிடும், இவள் செய்ய ஒன்றுமில்லை, உட்கார்ந்திருந்தால் போதும், பாப்பாவைப் பார்த்துக்கொண்டால் போதும். காகிதத்தை எடுத்தாள். மூன்றாம் பக்கம். அ-ரி-தா-க. அரிதாக. சி-ல குடும்-பங்-களில். வரியின் மேலே விரலை வைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் சரசு டீச்சர் வைக்கச் சொன்ன மாதிரி. மூச்சு வழி மயக்க வாயுவால். உடல் வெப்பம். க-டு-மை-யாக. உயர்ந்து. தசைகள், தசைகள் என்றால் சதை. வி-றை. விறைத்து. உயிருக்கு ஆ-பத்து நேரலாம். இரத்த உறவினர் எவருக்கேனும் இவ்வாறு நேர்ந்திருந்தால் மருத்துவரிடம் உடனே தெரிவிக்கவும்.

வரி முடிந்தது. விரல் அங்கேயே நின்றது. முதலில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சும்மா இன்னொரு தடவை வரியின் தொடக்கத்துக்குப் போனாள், இந்தத் தடவை சொற்கள் நழுவவில்லை, ஒவ்வொன்றும் முந்தினதைப் பிடித்துக்கொண்டே வந்தது, சூடு, விறைப்பு, சாவு, தோசக்கல்லாட்டம், வெறகாட்டம், பல்லு கிட்டிப் போயி. யாரோ மரகதத்திடம் கேட்டு எழுதினது மாதிரி அச்சாகியிருந்தது. இல்லை, இது வேறு, அது ஆத்தா, இது மருந்து. ஆத்தா செய்வதை எப்படி ஒரு காகிதத்தில் அச்சடிப்பார்கள். சில குடும்பங்களில் என்று போட்டிருக்கிறதே, அந்தச் சில குடும்பமெல்லாம் காப்பையா அறுத்தது. எங்கெங்கேயோ இருக்கிறவர்கள், வேறு வேறு சாமி கும்பிடுகிறவர்கள், காப்பே கட்டத் தெரியாதவர்கள். அப்படியானால். அப்படியானால் என்பதற்கு மேலே போக முடியவில்லை. டாக்டரம்மா கேட்டாளே, நேராகத்தானே கேட்டாள், வீட்ல யாருக்காவது, இல்லீங்க என்றேனே, ஒளிக்கணும் என்று சொல்லவில்லையே, அந்த நேரத்தில் மூத்தவர் ஞாபகத்துக்கே வரவில்லையே, அவர் மயக்க மருந்தில் செத்தவர் இல்லையே எங்கள் வீட்டில், அவர் காப்பு அறுத்ததில் செத்தவர். இப்போது போய்ச் சொல்லணும். என்னவென்று சொல்வது. அந்த நீலச்சேலை அம்மா முறைப்பாள். வெள்ளைப்பூ வந்திருக்கிறதே. வெள்ளைப்பூ வந்த பிறகும் போய்ச் சொன்னால் ஆத்தாளை நம்பவில்லை என்றாகாதா, பழசை எடுக்காதே என்ற அத்தை சொல்லை ஒரே நாளில் ரெண்டு தடவை மீறினதாகாதா, மீறி அவருக்கு என்னவாவது ஆனால் அடுத்த பஸ்ஸில் தன்னையும் பாப்பாவையும் ஏற்றிவிடுவார்கள், தனக்குப் போக ஒரு பொறந்த ஊர்கூட இல்லை. சொல்லாமல் இருந்து ஆனால்? யாருக்கும் தெரியாது. காகிதத்தை மடித்து மாரில் செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது, கவரில் வெள்ளை வந்திருந்தால் ஒன்றுமே நடக்காது, பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதி என்று அவள் வாய் முணுமுணுத்தது. அண்ணி, நீங்க அழுவாதீங்க. அவர் தன்னை மரகதமாகத்தான் பார்த்தார், சரியாகத்தான் பார்த்தாரோ, மரகதமும் இப்படி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு, கையில் அறுத்த கயிற்றை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு பெஞ்சில். அவளுக்குக் காகிதம் கொடுக்க யாருமில்லை. எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நவமணி தலையைத் தூக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எப்போது எழுந்தாள், எப்போது பாப்பாவைத் தோளில் போட்டாள் என்று தெரியவில்லை, பாப்பா வீலென்று கத்தியது, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே கதவு வரைக்கும் போய்விட்டாள். நீலச்சேலை அம்மா எழுந்து குறுக்கே கை நீட்டினாள். "ஏம்மா, எங்க போற? செருப்போட! புள்ளையத் தூக்கிட்டு வெளிய போ, பால் குடு." உள்ளே சொல்லணுமுங்க. "லைட்டு போட்டாச்சு, இனி யாரும் வர மாட்டாங்க. என்ன சொல்லணும், பேஷண்ட் பேரச் சொல்லு." வாய் திறந்தது, பேர் வரவில்லை, நாலு வருஷம் தொண்டையிலேயே கிடந்த பேர். "பூபதி," என்றாள். சொன்ன சத்தம் அவளுக்கே அந்நியமாக, வேறு யாரோ அவரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. "பூபதிங்க! எங்க மூத்தவரு திருமூர்த்தி, இப்பிடித்தான் ஆபரேஷன்ல செத்துப் போயிட்டாருங்க, ஒடம்பு கொதிச்சு வெறைச்சுப் போச்சுங்க, டாக்டரம்மாட்ட சொல்லலீங்க நானு, சொல்லோணுமுங்க, இதுல போட்டுருக்குதுங்க, பாருங்க, இதுல போட்டுருக்குது!" நடைபாதையில் போனவர்கள் நின்றார்கள். அவள் குரல் அந்தச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. இத்தனை சத்தம் தன்னிடம் இருந்ததா. நீலச்சேலை அம்மா முறைக்கவில்லை. காகிதத்தையும் வாங்கவில்லை. ஒரு நொடி இவள் முகத்தைப் பார்த்தாள், கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓடினாள், "ஷெரின் மேடம், ஷெரின் மேடம்!"

டாக்டரம்மா முகமூடியோடு வந்தாள், கண் மட்டும் தெரிந்தது. "என்னம்மா? கூடப் பொறந்த அண்ணனா? எத்தன வயசு அவருக்கு அப்போ?" முப்பது இருக்குமுங்க. நவமணி கோயில் சாட்டிலிருந்து ஆரம்பித்தாள், குண்டம் இறங்க வேண்டி, மஞ்சக் காப்பு, எட்டாம் நாள். "காப்பெல்லாம் அப்பறம் சொல்லும்மா. ஒடம்பு சூடாச்சா? ஆபரேஷன் நடக்கும்போதேவா? வாயத் தொறக்க முடிஞ்சுதா?" தொறக்க முடியலீங்க, பல்லு கிட்டிப் போச்சுங்க, மரகதக்கா தொட்டுப் பாத்துச்சுங்க. "இதத்தானேம்மா நான் காலையில கேட்டேன்!" அந்தக் கத்தல் இவளுக்கு உறைக்கவில்லை. "நீங்க மருந்தக் கேட்டீங்க," என்றாள் நவமணி. "நாங்க அத ஆத்தா செஞ்சதுன்னு இருந்தமுங்க." டாக்டரம்மா திரும்பினாள். பிறகு கதவு ஆடியது, அவள் இல்லை. உள்ளே குரல்கள், எதையோ நிறுத்து என்றது ஒன்று, டியூபெல்லாம் மாத்து என்றது ஒன்று. நவமணி சுவரில் சாய்ந்து, யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று பார்க்காமல் முந்தானையை இழுத்துவிட்டு பாப்பாவுக்குப் பால் கொடுத்தாள். பாப்பா விக்கி விக்கிக் குடித்தது. விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தால் என்ன அர்த்தம் என்று அந்தப் பெரியவர் சொல்லவில்லை. பிராண்டியும் சுரண்டியும் ஒரே எண்ணம் வந்தது, நேரம் கடந்துவிட்டதோ, விளக்கு எரிந்தபோதே முடிந்துவிட்டதோ, அந்தக் காகிதத்தைக் காலையிலேயே படித்திருந்தால், அஞ்சாவதோடு நிற்காமல் இருந்திருந்தால், சரசு டீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டாளே, இன்னும் மூணு வருஷம் அனுப்புங்கன்னு. கதவு அகலமாகத் திறந்தது. ரெண்டு பேர் ஒரு பெரிய மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் பக்கவாட்டில் மஞ்சள் மூடி போட்ட ஒரு டப்பா, வளைந்து தொங்கும் குழாய், குழாய் முனையில் மூக்குக்கு வைக்கிற கிண்ணம், இன்னும் உறை பிரிக்காமல். எதிர்ப்பக்கத்து அறையிலிருந்து வேறொரு மெஷின் உள்ளே போனது.

கடைசியாக டாக்டரம்மா வந்தாள். முகமூடியை இறக்கியிருந்தாள், இவளைவிட நாலைந்து வயசு கூட இருக்கும், மூக்கில் முகமூடித் தடம். "இன்னும் மயக்கம் ஆரம்பிக்கலம்மா. டேபிள்ல படுக்க வச்சதும் லைட்டப் போட்டுருவாங்க, அவ்வளவுதான். இனி இவர் ஆராய்ச்சில இல்ல. காத்து மருந்து இவருக்கு ஆகாது, சதையத் தளர்த்துற ஒரு ஊசி இருக்கு, அதுவும் ஆகாது. பால் மருந்து மட்டும்தான். தலைக்கு எப்படிப் போகும்னு நான் இப்ப சொல்ல முடியாது, ரத்தத்த எடுக்கணும், பாக்கணும். ஆனா இதுல அவர் போக மாட்டார்." போகத் திரும்பியவள் நின்றாள். காலையில் கேட்டதையே கேட்டாள். "ஏதாச்சும் கேக்கணுமாம்மா?" நவமணிக்கு இல்லீங்க என்று நாக்கு புரண்டது. "கவர்ல என்னங்க வந்துருந்துச்சு?" டாக்டரம்மா அவளைப் பார்த்தாள், தள்ளிக்கொண்டு போன மெஷின் நின்ற திசையைப் பார்த்தாள். "அத விடும்மா," என்றாள். அப்புறம், "இது ரத்தத்துல வர்றது. உன் பாப்பாவுக்கும் இருக்கலாம், எங்க எப்ப ஆபரேஷன்னாலும் முதல்ல இதச் சொல்லணும். அவங்க அண்ணனுக்குப் புள்ளைங்க இருக்கா?" ஒரு பொண்ணுங்க. "அவங்கம்மாகிட்டச் சொல்லிரு. இன்னைக்கே." கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது.

நவமணி பெஞ்சுக்குத் திரும்பினாள். நீலச்சேலை அம்மா ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள். அத்தைக்கு எப்படிச் சொல்வது. ஆத்தா உங்க மகனைக் கேக்கவே இல்லைன்னா சந்தோஷப்படுவாளா, இல்லை, கோபப்பட்டுக் கிடக்க ஆறு வருஷமாக ஒரு ஆள் இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டால் அத்தை கையில் என்ன மிஞ்சும். அது பிறகு. போனில் ம எழுத்துக்குப் போய், மில்லு அக்காவைத் தேடி எடுத்தாள். மணி அடித்தது. அடித்தது. ஷிப்டில் இருப்பாள், எடுக்க மாட்டாள், எடுக்காவிட்டால் நல்லது, நாளைக்குச் சொல்லலாம். எடுத்துவிட்டாள். காதை அடைக்கிற மில் இரைச்சலுக்கு நடுவிலிருந்து, "யாரு? சத்தமாப் பேசுங்க!" அக்கா, நான் நவமணி. பூபதி சம்சாரம். "என்ன? என்னாச்சு? யாருக்கு என்ன?" நவமணி இன்றைக்கு ரெண்டாம் தடவையாகக் குரலை உயர்த்தினாள், விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது காப்பு இல்லக்கா. மருந்து. மூத்தவருக்கு அந்த மருந்து ஆகலக்கா. ரத்தத்துல இருக்குதாம், டாக்டரே சொன்னாங்க. நீ அறுத்தது இல்லக்கா." அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, மரகதம் நடக்கிறாள், ஒரு கதவு திறந்து மூடியது, சட்டென்று அமைதி, எங்கோ ஒரு காக்கா, மூச்சு.

"இப்பச் சொல்லு," என்றாள் மரகதம். "மொதல்ல இருந்து சொல்லு."

நவமணி மொதலில் இருந்து சொன்னாள்.